மினி டிராக்டருக்குக் கைக் கிளட்சும் கைப் பிரேக்கும்: அண்ணனுக்காகச் செய்த வேலை

எங்கள் தோப்பு தென்காசிக்குப் பக்கம். தென்னை, 25 அடிக்கு 25 அடி இடைவெளி. நடுவில் உழுவதற்கு 24 எச்.பி. மினி டிராக்டர் ஒன்று நிற்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் வகை, பவர் ஸ்டீயரிங் உண்டு, கியர் லீவர் சீட்டுக்கு இடப்பக்கம். வாங்கியதும் ஓட்டியதும் அண்ணன்தான். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு, அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சக்கர நாற்காலியில் வீட்டுக் காரியம், தோப்புக் கணக்கு, தேங்காய் வியாபாரம் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். உழவுக்கு மட்டும் ஆள் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்கு லேத்தும் வெல்டிங்கும் தொழில். பட்டறையில் இல்லாத சாமான் எதுவும் இந்த வேலைக்குத் தேவைப்படாது என்று தெரிந்ததும் ஆரம்பித்தோம்.

முதலில் வண்டியைச் சுற்றி வந்து, எது ஏற்கெனவே கையில் இருக்கிறது, எது காலில் இருக்கிறது என்று பார்த்தேன். டிராக்டரில் பெரும்பாலானவை கையில்தான் இருக்கின்றன. ஆக்சிலேட்டருக்குக் கை லீவர் உண்டு, வைத்த இடத்தில் நிற்கும். கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக், எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ., கியர் மூன்றும் கைதான். காலுக்கு மிஞ்சுவது கிளட்ச், இடது வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனியாக இரண்டு பிரேக், சக்கரம் வழுக்கும்போது இரண்டு பின்சக்கரத்தையும் சேர்ந்து சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக். காரை மாற்றுவதைவிட டிராக்டரை மாற்றுவது ஒரு வகையில் சுலபம்.

கைக் கிளட்ச் உழவு இயந்திரத்துக்குப் புதிதும் இல்லை. நம் ஊர் பவர் டில்லரில் மெயின் கிளட்ச் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனி 1960 வரை செய்த இரண்டு சிலிண்டர் டிராக்டர்கள் பலவற்றிலும் கிளட்ச் கை லீவர்தான். உடல் ஊனமுற்ற விவசாயிகளுக்காகக் கருவிகளை மாற்றித் தரும் வேலையை அங்கே பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1979-லேயே தொடங்கிவிட்டார்கள். 'பிரேக்கிங் நியூ கிரவுண்ட்' என்று அதற்குப் பெயர். இதைச் சொன்னபோது அண்ணன், "அப்ப நாம ஒண்ணும் கிறுக்குத்தனம் பண்ணல" என்றார்.

இனி அளவுகள். தேங்காய் எடை போடும் தொங்கு தராசைக் கிளட்ச் பெடலில் மாட்டி இழுத்துப் பார்த்ததில், முழுக்க அழுந்த 18 கிலோ கேட்டது. பெடல் நகரும் தூரம் 130 மி.மீ. இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு ஒன்றாக்கி, சாதாரணமாக நிறுத்தும் அளவுக்கு மிதிக்க 20 கிலோ. தூரம் 70 மி.மீ. அவசரத்துக்கு இதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். சக்கர நாற்காலி தள்ளுகிறவருக்குத் தோள்தான் கால். அதைத் தேய்த்துவிடக் கூடாது என்று ஃபிசியோதெரபிஸ்ட் பலமுறை சொல்லியிருக்கிறார். அதனால் கிளட்சுக்குக் கையில் வரும் விசை 8 கிலோவைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கணக்கு நேரானது. லீவரின் அடியில் ஒரு பின். அதிலிருந்து 240 மி.மீ. உயரத்தில் பெடலுக்குப் போகும் ராடு, 600 மி.மீ. உயரத்தில் கைப்பிடி. இரண்டரை மடங்கு லாபம். 18 கிலோ 7.2 ஆகிறது. உராய்வைச் சேர்த்தால் 8. கை நகர வேண்டிய தூரம் 325 மி.மீ. அண்ணன் கை நீளத்துக்கு அது சரியாக இருந்தது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கிளட்ச் பிடிக்கிற இடம் பெடலில் 25 மி.மீ. அளவுதான். கைப்பிடியில் அதுவே 60 மி.மீ.க்கு மேல் விரிகிறது. காலால் விடுவதைவிட நுணுக்கமாகக் கையால் விடலாம்.

லீவரை இழுப்பதா, தள்ளுவதா? இதை முடிவு செய்தது அண்ணன். கார்களின் ஹேண்ட்பிரேக் மாதிரி இழுக்கும்படி ஒரு படம் வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "எலே, வயித்துச் சதை எனக்குப் பாதிதான் வேலை செய்யி. இழுத்தா நான்தான் முன்னால வருவேன். தள்ளுறேன்னு வையி, சீட்டு என்னைத் தாங்கிக்கிடும்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்து இழுத்தும் தள்ளியும் காட்டினார். இழுத்தபோது தோள் முன்னால் சரிந்தது. தள்ளியபோது முதுகு சாய்மானத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு லீவரும் முன்னால் தள்ளும் வகையாகவே செய்வது என்று ஆனது. டிராக்டர் சீட்டின் சாய்மானம் குட்டை. அதன் பின்னால் 40-க்கு 6 மி.மீ. இரும்புப் பட்டையை வளைத்து, ரெக்சின் தைத்த பலகை ஒன்றை அக்குள் உயரம்வரை நீட்டினேன். நெஞ்சுக்கு ஒரு பெல்ட்.

அடுத்தது, கைகள் எத்தனை என்ற கணக்கு. நிறுத்தும்போது கிளட்சும் வேண்டும், பிரேக்கும் வேண்டும், ஸ்டீயரிங்கையும் விடக் கூடாது. கிளட்ச் இடக்கையிலும் பிரேக் வலக்கையிலும் என்று வைத்தால் ஸ்டீயரிங்குக்குக் கை கிடையாது. அதனால் இரண்டு லீவரையும் இடப்பக்கமே, இரண்டு விரல் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கைப்பிடிகள் ஒரே உயரம். உள்ளங்கையை அகல வைத்துத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து போகும். ஒன்று மட்டும் வேண்டுமென்றால் ஒன்று மட்டும். வலக்கை எப்போதும் ஸ்டீயரிங்கில். ஜேசிபி வண்டிகளில் ஸ்டீயரிங்கின் மேல் ஒரு சுழலும் குமிழ் இருக்குமே, அதுபோல் ஒன்று வாங்கி மாட்டினோம். ஒரு கையால் முழுச் சுற்றும் சுற்ற அது போதும்.

பிரேக் பெடல்கள் வலப்பக்கம், லீவர் இடப்பக்கம். நடுவே கியர்பாக்ஸ் மேடு. ஸ்டீயரிங் கம்பத்துக்கு அடியில், மேட்டுக்கு மேலாக, 25 மி.மீ. குறுக்குத் தண்டு ஒன்று விட்டேன். இரண்டு முனையிலும் பி205 பேரிங். இடது முனையில் லீவரிலிருந்து வரும் ராடு தண்டில் பொருத்திய ஒரு இரும்புக் கையைத் தள்ளும், வலது முனையில் இன்னொரு இரும்புக் கை பெடலைத் தள்ளும். மொத்தத்தில் நான்கு மடங்கு லாபம் வரும்படி இந்த இரும்புக் கைகளின் நீளத்தை வைத்தேன். 70 மி.மீ. பெடலுக்குக் கை 280 மி.மீ. போகிறது, சாதாரண நிறுத்தத்துக்கு 5 கிலோ. ராடுகளின் நுனியில் மரை போட்டு செக்நட் வைத்திருப்பதால் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு லீவரையும் சேர்த்துத் தள்ளினால் கிளட்ச் விடுபட்ட பிறகே பிரேக் பிடிக்க வேண்டும். அந்த வரிசைக்கு வரும்வரை செக்நட்டைத் திருகி அமைத்தேன்.

இடது பிரேக், வலது பிரேக் என்று தனித்தனியாகக் கையில் கொடுக்கவில்லை. ஒற்றைச் சக்கரப் பிரேக்கைப் பிடித்துத் திருப்புவது உழவில் வசதிதான். ஆனால் வேகத்தில் தவறிப்போய் ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி கவிழும். கவிழும் வண்டியிலிருந்து அண்ணனால் குதிக்க முடியாது. கொக்கியைக் கழற்ற முடியாதபடி போல்ட் போட்டு நைலாக் நட்டால் இறுக்கிவிட்டேன். அதற்கு முன் இரண்டு பிரேக்கின் பிளேயையும், அதாவது பிடிக்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரத்தையும், சமமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்துப் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வரப்பு ஓரத்தில் திரும்ப இடம் பற்றாவிட்டால் ஒரு ரிவர்ஸ் எடுத்துக்கொள்வார்.

வேலையிலேயே அதிகம் யோசிக்க வைத்தது கிளட்சின் கொக்கி. கியர் போட இடக்கை லீவரை விட்டுப் போக வேண்டும். அந்த நேரம் கிளட்ச் அழுந்தியபடியே நிற்க வேண்டும். நிற்க வைப்பது சுலபம், ஒரு பின்னும் ஒரு கொக்கியும் போதும். எடுக்கும்போதுதான் ஆபத்து. கை லீவரில் இல்லாத நேரத்தில் கொக்கி கழன்றால் கிளட்ச் சட்டென்று பிடிக்கும், வண்டி பாயும். பின்னால் பாரம் இருந்தால் முன்பக்கம் தூக்கிவிடும். டிராக்டர் பின்னால் புரள்வது கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடும்.

அதனால் கொக்கியின் உதட்டை நேராக வெட்டாமல், உள்பக்கமாகச் சற்றுச் சாய்த்து அராவினேன். 6 மி.மீ. தகடு. பெடலின் ஸ்பிரிங் லீவரைப் பின்னால் தள்ளத் தள்ள, உதடு பின்னுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காருகிறது. கைப்பிடியில் சைக்கிள் பிரேக் பிடி ஒன்றும், அதிலிருந்து கொக்கிக்கு ஒரு கேபிளும். அந்தப் பிடியை எவ்வளவு அழுத்தினாலும் கொக்கி எழும்பாது. முதலில் லீவரை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ள வேண்டும், உதட்டின் மேல் இருக்கும் பாரம் போக வேண்டும், அப்புறம்தான் எழும்பும். அதாவது, கிளட்சின் முழு பாரமும் கைக்கு வந்த பிறகே கொக்கி விடும். கேபிள் அறுந்தால் கொக்கி மாட்டியபடியே நிற்கும், கிளட்ச் பிடிக்காது, வண்டி நகராது. பிரேக் தனியாக இருக்கிறது. பழுதானால் வண்டி நிற்கிற பக்கமாகப் பழுதாக வேண்டும் என்பதை ஒவ்வொரு பாகத்துக்கும் கேட்டுப் பார்த்தேன்.

பெடலுக்குப் போகும் ராடும் அதன் பின்களும் இந்தக் கேள்வியில் தேறவேண்டிய முக்கியமான இடம். அழுத்திப் பிடித்திருக்கும்போது பின் முறிந்தால் கிளட்ச் தானாகப் பிடித்துவிடும். அங்கே கடை போல்ட் எதையும் போடவில்லை. இ.என். 8 என்ற எஃகுக் கம்பியில் 12 மி.மீ. பின் கடைந்து, இரண்டு பக்கமும் தாங்கும் கவட்டைக்குள் விட்டு, ஸ்பிளிட் பின் மாட்டினேன். பெடல் பக்கத்துக் கவட்டையில் துளை வட்டமாக இல்லை, நீள்துளை. இதற்கு இரண்டு காரணம். லீவரின் எடை பெடலில் உட்கார்ந்தால் கிளட்சின் பிளே போய்விடும், ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து சீக்கிரம் தேயும். நீள்துளை இருப்பதால் பெடல் தன் இடத்துக்கு முழுசாகத் திரும்புகிறது. லீவரைத் தனி ஸ்பிரிங் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, மெக்கானிக்கோ நானோ ஏறினால் பழையபடி காலாலேயே ஓட்டலாம், லீவர் அசையாது.

கிளட்ச் அழுந்தினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு சுவிட்ச் பெடலில் இருக்கிறது. லீவர் பெடலைத்தான் தள்ளுகிறது என்பதால் அது அப்படியே வேலை செய்கிறது. அந்த வயரை எக்காரணம் கொண்டும் ஷார்ட் செய்யாதீர்கள்.

இன்னொன்று, வண்டியின் மூல பாகம் எதிலும் வெல்டிங் வைக்கவில்லை, துளை போடவில்லை. பிராக்கெட்டுகள் எல்லாம் ஃபுட்போர்டு போல்ட்டுகளைக் கழற்றி, அதே துளையில் நீளமான 8.8 தர போல்ட் போட்டு மாட்டியவை. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரை நசுங்காமல் காக்க, சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்புக் கவிழ்வுச் சட்டத்தில் கண்டிப்பாகக் கை வைக்கக் கூடாது. அதில் ஒரு துளை போட்டாலும் ஒரு வெல்டு வைத்தாலும் அதன் பலத்தை நம்ப முடியாது. அந்தச் சட்டம் இருந்தால்தான் சீட் பெல்ட்டுக்கும் அர்த்தம். சட்டம் இல்லாத டிராக்டரில் பெல்ட் போட்டுக்கொண்டு கவிழ்ந்தால் வண்டியோடு சேர்ந்து நசுங்க வேண்டியதுதான். நம் பக்கம் சட்டம் இல்லாத மினி டிராக்டர்கள் நிறைய ஓடுகின்றன. அப்படி ஒரு வண்டியென்றால் இந்த வேலையை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

லீவர் வேலை முடிந்தபோது பாதி வேலைதான் முடிந்திருந்தது. மீதி கால்கள்.

ஓட்டாத கால்தானே, சும்மா வைத்திருக்கலாம் என்று யாரும் நினைக்கலாம். உழுது முடித்த வண்டியின் கியர்பாக்ஸ் மேட்டில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் கால் அதில் சாய்ந்து கிடந்தால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. அது மட்டுமில்லை, அவர் காலில் அவ்வப்போது இழுப்பு வரும், தானாக உதறும். அப்படி உதறிய பாதம் பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டால், லீவரைத் தள்ளினாலும் பெடல் இறங்காது. கிளட்சின் மேல் விழுந்தால் அது வேறு வினை.

மேட்டின் இரண்டு பக்கமும் 12 மி.மீ. பிளைவுட்டை ஒரு அங்குலம் தள்ளி நிறுத்தினேன். நடுவில் காற்று போகும். பலகையின் மேல் ரப்பர் மேட். பெடல்களுக்கும் பாதத்துக்கும் நடுவே தகட்டுத் தடுப்பு, முழங்கால் உயரத்தில் பாதி. பாதம் வைக்க விளிம்பு மடித்த தட்டு, குதிகாலுக்குக் கிண்ணம், மேலே இரண்டு அங்குல வெல்க்ரோ பட்டை. கொக்கி வைத்த பெல்ட் வேண்டாம் என்றார் அண்ணன். அவசரத்தில் ஒரே இழுப்பில் பிரிய வேண்டும், யார் வந்தாலும் பிரிக்கத் தெரிய வேண்டும். ஷூ போடாமல் ஏறுவதில்லை என்பதையும் அவரே விதியாக்கிக்கொண்டார்.

சீட்டில் அவருடைய நாற்காலி மெத்தையையே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். டிராக்டர் குலுக்கலும் வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் படுக்கைப் புண் வர நேரமாகாது. ஒருமுறை வந்தால் மாதக்கணக்கில் படுக்கை. அதனால் கால் மணிக்கு ஒருமுறை, சால் முடியும் இடத்தில், வண்டியை நியூட்ரலில் நிறுத்தி பார்க்கிங் பிரேக் போட்டு, இரண்டு மட்கார்டு கைப்பிடியையும் பிடித்து உடம்பைச் சீட்டிலிருந்து தூக்கி ஒரு நிமிஷமாவது அப்படியே வைத்திருக்கிறார். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு.

ஏறுவதற்கு மாட்டுத்தொழுவத்தின் ஓரமாக 45 செ.மீ. உயர மேடை கட்டினோம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு வேண்டும் என்பதால் சாய்தளம் மட்டும் ஐந்தரை மீட்டர் நீளம் பிடித்தது. இடத்தைப் பார்த்து அம்மா முகம் சுளித்தார்கள். செங்குத்தாகக் கட்டினால் தள்ள ஆள் வேண்டும், தள்ள ஆள் வேண்டுமென்றால் இவ்வளவும் எதற்கு? லீவர்கள் இடப்பக்கம் என்பதால் ஏறுவது வலப்பக்கம். நடுவில் மட்கார்டு மறிக்கிறது. அதன் மேல் வழவழப்பாக இழைத்த தேக்குப் பலகையைப் பாலமாகப் போட்டு நகர்ந்து வருகிறார். மட்கார்டு சீட்டைவிட உயரம், ஆகவே இறங்கி உட்காருவது எளிது. திரும்பும்போது மேலேறுவதுதான் கடினம். அதற்குத் தொழுவத்து உத்தரத்திலிருந்து சங்கிலியில் ஒரு முக்கோணக் கைப்பிடி தொங்குகிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேல் இருப்பதுபோல. தொங்கவிடும் முன் அந்த உத்தரத்தில் நானும் என் பட்டறைப் பையனும் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம்.

சோதனையை அவசரமில்லாமல் செய்தோம். பின்சக்கரம் இரண்டையும், முன்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டி, சக்கரம் சுற்றுவதையும் நிற்பதையும் பார்த்தோம். கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து லீவர் ஓடும் தகட்டில் வெள்ளைப் பெயிண்ட் பட்டை அடித்தேன். பிறகு கலப்பை இல்லாமல், காலி வயலில், மிக மெதுவான கியரான லோ ஒன்றில். எஞ்சினை நிறுத்தும் லீவரில் ஒரு கயிறு கட்டி, அதன் நுனியைக் கையில் பிடித்தபடி நான் சக்கரத்துக்கு எட்டாத தூரத்தில் கூடவே நடந்தேன். அண்ணன் லீவரைத் தள்ளினார், கொக்கி "டக்" என்று எழும்பியது, கை வெள்ளைப் பட்டைக்கு வந்ததும் அங்கேயே நின்றது. வண்டி கிளம்பியதே தெரியவில்லை. கால் இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு மெதுவாகக் கிளட்ச் விட்டதில்லை. "கயித்தை விட்ருலே" என்றார். அன்றைக்கு நான் விடவில்லை. இப்போது அந்தக் கயிறு அவருடைய இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருக்கிறது. சீட்டிலிருந்து சரிந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

ரோட்டுக்கு இந்த வண்டி போவதில்லை, மேடையிலிருந்து தோப்புக்குள் மட்டும்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி பதிவான வண்டியை மாற்றியமைக்க ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. மாற்றுத்திறனாளிக்காக மாற்றிய வண்டிக்கு 2019 திருத்தத்தில் தனி வகையே கொடுத்திருக்கிறார்கள். ரோட்டில் ஓட்ட நினைக்கிறவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே வரைபடத்தோடு அங்கே போய்க் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது தோப்பு உழவு முழுக்க அவர் கையில். டிஃபரன்ஷியல் லாக்குக்கு ஒரு இழுவைக் கம்பி வைத்தாயிற்று, நாலு சக்கர இழுவை இருப்பதால் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை பின்களையும் ஸ்பிளிட் பின்னையும் நான் கழற்றிப் பார்க்கிறேன், பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கிறேன்.

மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை மாட்டவும் கழற்றவும்தான் இன்னும் ஒருவர் இறங்கி நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு முக்கோணச் சட்டம் இரண்டு செய்துகொண்டிருக்கிறேன். ஒன்று டிராக்டரின் மூன்று முனை இணைப்பில், மற்றது ரோட்டவேட்டரில். பின்னால் வந்து ஹைட்ராலிக்கைத் தூக்கினால் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்து தானே பூட்டிக்கொள்ளும். பி.டி.ஓ. தண்டை இணைப்பதுதான் இதில் சிக்கல், அதற்கு மட்டும் இப்போதைக்கு ஆள் வேண்டும். கொத்துக் கலப்பைக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் முதல் சட்டத்தைக் கொத்துக் கலப்பைக்கே வைக்கச் சொல்லிவிட்டார் அண்ணன். 50-க்கு 50 சதுரப் பைப் வெட்டி வைத்திருக்கிறேன், இந்த வாரம் வெல்டிங்.